வாசகர் கேள்வி–பதில்: காஸாவும் அமெரிக்கப் பேராசிரியர்களின் பேச்சுரிமையும்

காஸா போரை முன்னிட்டு அமெரிக்கக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் வேலையிழந்தது, கைதானது, நிர்வாகத்தோடு வழக்காடியது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். போரில் எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்டிருந்த கடிதங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதற்கு இந்த இடம் போதாது என்பது ஒரு காரணம். பேச்சுரிமை பற்றிய பேச்சு அந்தக் கேள்விக்குள் விழுந்துவிட்டால் திரும்பி எழுவதில்லை என்பது மற்றொரு காரணம்.

கேள்வி: அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே பேச்சுரிமையை எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஒரு பேராசிரியர் சமூக ஊடகத்தில் போட்ட இரண்டு வரிக்காக வேலையிழக்க நேர்கிறதே, எப்படி?

அந்தத் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறதே தவிர, தனியாரின் கையைக் கட்டுவதில்லை. இல்லினாய், கலிஃபோர்னியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களின் பொதுப் பல்கலைக்கழகங்கள் அரசின் உறுப்புகள் என்பதால் அவற்றை அது கட்டுப்படுத்தும். ஹார்வர்டும் கொலம்பியாவும் தனியார் நிறுவனங்கள் என்பதால், அங்கே பேராசிரியருக்கு இருக்கும் பாதுகாப்பு அவருடைய பணி ஒப்பந்தமும் நிறுவனத்தின் விதிக் கையேடும் எவ்வளவு தருகின்றனவோ அவ்வளவுதான். பென்சில்வேனியாவிலுள்ள மூலன்பர்க் என்னும் சிறிய தனியார் கல்லூரியில், நிரந்தரப் பணியுரிமை பெற்றிருந்த மானிடவியல் பேராசிரியர் ஒருவர், அவரும் யூதரே, சியோனிஸ்டுகளை, அதாவது இஸ்ரேல் என்ற யூத அரசை ஆதரிப்பவர்களை, ஒதுக்கி வைக்கச் சொன்ன ஓர் இன்ஸ்டகிராம் பதிவைப் பகிர்ந்ததை அடுத்து 2024-ல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருக்கு முதல் திருத்தம் துணைக்கு வர வழியே இல்லை.

அரசுப் பல்கலைக்கழகத்திலும் உரிமை முழுமையானதன்று. பள்ளி நிர்வாகத்தின் நிதிக் கொள்கையைக் குறைகூறிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஆசிரியரின் வழக்கில், 1968-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தராசை உருவாக்கியது: பொது விஷயம் பற்றிக் குடிமகனாகப் பேசும் அரசு ஊழியரின் நலன் ஒரு தட்டில், பணியைச் சீராக நடத்த வேண்டிய அரசின் நலன் மறு தட்டில். 2006-ல் கார்செட்டி வழக்கில் அதே நீதிமன்றம், அலுவல் கடமையின் பகுதியாகப் பேசப்படும் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் பேராசிரியரின் பாடமும் ஆய்வும் அலுவல் கடமைதானே என்ற கேள்வி உடனே எழுந்தது; நீதிமன்றம் அதைத் தீர்க்காமல் ஒத்தி வைத்தது, இன்றுவரை அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பேராசிரியர்களின் உரிமைக்கு உண்மையான அரண் சட்டத்தில் இருப்பதைவிடத் தொழில் மரபில்தான் அதிகம் இருக்கிறது.

கேள்வி: அந்தத் தொழில் மரபு எங்கிருந்து வந்தது? மற்ற ஊழியர்களுக்கு இல்லாத சலுகை பேராசிரியருக்கு மட்டும் ஏன்?

எட்வர்ட் ராஸ் என்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த அவர், ரயில் பாதைகளையும் பொதுச் சேவைகளையும் தனியாரிடம் விடக் கூடாது என்று மேடையில் பேசிவந்தார். ஜப்பானியக் குடியேறிகளை உள்ளே விடக் கூடாது என்றும் பேசினார். அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் ஒரு ரயில் முதலாளி. அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டின் சொல்லே அங்கு சட்டம். 1900-ஆம் ஆண்டில் ராஸ் வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்துத் தாமாகவே விலகியவர்களில் ஒருவர் தத்துவப் பேராசிரியர் ஆர்தர் லவ்ஜாய். அவரும் ஜான் டூயியும் சேர்ந்து 1915-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை அமைத்தார்கள்.

கவனித்தீர்களா? கல்விச் சுதந்திரத்தின் முதல் பலியாள் என்று கொண்டாடப்படுபவரின் பேச்சில் பாதி, இன்று எந்த வளாகத்திலும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் இனவெறுப்பு. லவ்ஜாய் பதவியைத் துறந்தது அந்தக் கருத்துக்காக அன்று. ஓர் அறிஞரின் தகுதியைப் பணம் போட்டவர் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக. சங்கம் 1915-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஓர் ஒப்புமை உண்டு: கூட்டரசு நீதிபதியை நியமிப்பவர் அதிபர்தான், ஆனால் தீர்ப்பு எப்படி எழுத வேண்டும் என்று அதிபர் சொல்ல முடியாது, பேராசிரியருக்கும் அறங்காவலருக்கும் உள்ள உறவும் அத்தகையதே. பேராசிரியர் தவறு செய்தாரா என்பதை அதே துறை தெரிந்த சக அறிஞர்கள், குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, அவர் பதிலைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இதைத்தான் நீங்கள் சலுகை என்கிறீர்கள். நான் வழக்குமுறை என்பேன். தண்டனையே கூடாது என்று அந்த மரபு ஒருபோதும் சொன்னதில்லை.

நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கதை. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் கற்பிப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் நிரந்தரப் பணியுரிமைக்கான பாதையிலேயே இல்லாத ஒப்பந்த ஆசிரியர்கள். அவர்களைப் பணிநீக்கம் செய்யவே வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்கு அழைக்காமல் இருந்தால் போதும். செய்தியில் வரும் வழக்குகள் பெரும்பாலும் மீதி ஒரு பங்கினரைப் பற்றியவை.

கேள்வி: ஸ்டீவன் சலாய்டா வழக்கைப் பற்றி அடிக்கடி குறிப்பிடுகிறார்கள். சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

இன்றைய பூசல்களுக்கெல்லாம் முன்னோட்டம் அதுதான். பாலஸ்தீன வேர்கள் கொண்ட அமெரிக்கரான சலாய்டா, வர்ஜீனியா டெக்கில் நிரந்தரப் பணியில் இருந்தார். 2013 அக்டோபரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா–ஷாம்பேன் வளாகத்திலிருந்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய துறையில் நிரந்தரப் பணியுரிமையோடு கூடிய நியமனக் கடிதம் அவருக்கு வந்தது. ஏற்றுக்கொண்டு, பழைய வேலையை விட்டார். 2014 கோடையில் காஸாவில் போர் மூண்டபோது அவர் ட்விட்டரில் எழுதியவற்றில் சில, அவருடைய நண்பர்களே தயங்கித் தயங்கித்தான் தாங்கிப் பேசக்கூடிய அளவுக்குக் கடுமையானவை. வகுப்பு தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், ஆகஸ்டில், அவருடைய நியமனத்தை ஆட்சிக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பப் போவதில்லை என்று வளாகத் தலைவர் ஃபிலிஸ் வைஸ் கடிதம் எழுதினார். நன்கொடையாளர்களிடமிருந்து அதற்குள் எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்திருந்தன. செப்டம்பரில் ஆட்சிக் குழு எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அவரை நிராகரித்தது.

நிர்வாகம் பிடித்துக்கொண்ட சொல் "நாகரிகம்". அவருடைய நடை நாகரிகமற்றது, அத்தகையவரிடம் மாணவர்கள் நிம்மதியாகப் படிக்க முடியாது என்பது வாதம். வழவழப்பான சொற்களிலேயே ஆபத்தானது இது என்பது என் எண்ணம். பொய்யை நிரூபிக்கலாம், மிரட்டலை நிரூபிக்கலாம், திருட்டு ஆய்வை நிரூபிக்கலாம். நாகரிகமின்மையைக் கேட்பவரின் காதுதான் தீர்மானிக்கிறது. சலாய்டாவின் வகுப்பில் எந்த மாணவராவது அநீதியாக நடத்தப்பட்டதற்குச் சான்று ஒன்றும் முன்வைக்கப்படவில்லை.

நியமனமே நிறைவு பெறவில்லை, ஒப்பந்தமே இல்லை என்று பல்கலைக்கழகம் வழக்கில் வாதிட்டது. அதை 2015 ஆகஸ்டில் கூட்டரசு நீதிபதி ஏற்க மறுத்தார். அதே நாளில் ஃபிலிஸ் வைஸ் பதவி விலகலை அறிவித்தார். அதற்கு முன்பே, ஜூனில், பேராசிரியர் சங்கம் இல்லினாயைக் கண்டனப் பட்டியலில் சேர்த்திருந்தது. நவம்பரில் 8,75,000 டாலருக்கு வழக்கு சமரசமானது. அதில் ஆறு லட்சம் டாலர் சலாய்டாவுக்கு, மீதி வழக்கறிஞர்களுக்கு. வென்றார் என்று சொல்லலாம். ஆனால் அதன் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் அவரை நிரந்தரப் பணிக்கு அழைக்கவில்லை. சில ஆண்டுகள் வாஷிங்டன் புறநகரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார்.

கேள்வி: பேராசிரியர்களுக்காகவே பேசுகிறீர்கள். இஸ்ரேலை ஆதரிக்கும் மாணவர் ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவர் கதி என்ன? மதிப்பெண் பேராசிரியர் கையில்தானே இருக்கிறது?

நியாயமான கேள்வி, போராட்டக் குணமுள்ள பேராசிரியர்கள் சுலபமாகக் கடந்து செல்லும் கேள்வியும் கூட. கல்லூரிகளின் சங்கத்தோடு சேர்ந்து பேராசிரியர் சங்கம் 1940-ல் ஏற்ற கோட்பாட்டிலேயே இதற்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது: பாடத்துக்குத் தொடர்பில்லாத சர்ச்சையை வகுப்பில் நுழைக்கக் கூடாது, வெளியே குடிமகனாகப் பேசும்போது, நிறுவனத்தின் சார்பில் பேசவில்லை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். மேற்காசிய வரலாற்று வகுப்பில் இஸ்ரேல் உருவான 1948-ஐப் பற்றிக் காரசாரமாகப் பேசுவது கற்பித்தல். கால்குலஸ் வகுப்பில் அதையே பேசுவது மாணவர்களின் நேரத்தைத் திருடுவது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2018-ல் நடந்ததைப் பாருங்கள். ஒரு பேராசிரியர், மாணவி ஒருவரின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்டார். அவர் செல்ல விரும்புவது டெல் அவிவ் பல்கலைக்கழகத்துக்கு என்று தெரிந்ததும், இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தின் பெயரால் மறுத்துவிட்டார். நிர்வாகம் அவருடைய அவ்வாண்டு ஊதிய உயர்வை நிறுத்தி, ஆய்வு விடுப்பு உரிமையை இரண்டு ஆண்டுகளுக்கு ரத்து செய்தது. தண்டனையின் அளவை விவாதிக்கலாம். அடிப்படையில் அவர் செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. புறக்கணிப்பது அவருடைய உரிமை. அதற்கான விலையை மாணவியின் கணக்கில் எழுதியதுதான் குற்றம். 2023 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு விரிவுரையாளர், யூத மாணவர்களை அடையாளம் காட்டச் சொல்லி அவர்களை ஒதுக்கி நிறுத்தியதாகப் புகார் எழுந்து, வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அத்தகைய செயல் உண்மையென்று நிறுவப்பட்டால் அதைப் பேச்சுரிமை என்று வாதாட யாருக்கும் வாய் வரக் கூடாது.

கேள்வி: தண்டிக்கப்படுவது பாலஸ்தீன ஆதரவாளர்கள் மட்டும்தானா?

எண்ணிக்கையில் அவர்களே அதிகம்; அவர்கள் மட்டும் அல்லர். 2023 நவம்பரில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், பேரணி நடந்த இடத்தைக் கடந்து சென்ற யூதப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், ஹமாஸ்காரர்கள் கொலைகாரர்கள், அவர்கள் அனைவரும் கொல்லப்பட வேண்டும் என்று சொன்னார். ஹமாஸ் என்ற சொல் வெட்டப்பட்ட காணொளித் துண்டுகள் பரவின; அவர் பாலஸ்தீனர் அனைவரையும் கொல்லச் சொன்னதாக ஆயிரக்கணக்கானோர் நம்பினர். நிர்வாகம் அவரை வளாகத்துக்குள் வரவிடாமல், இணையவழியில் மட்டும் பாடம் நடத்தச் சொன்னது. முழுக் காணொளியைப் பார்த்த பிறகு விசாரிக்கும் பொறுமை அங்கும் இல்லை. சலாய்டாவுக்குச் செய்ததைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் இவருக்காகக் கையெழுத்திட்டார்கள் என்று கேட்டால், பதில் பெருமைப்படும்படி இருக்காது.

கேள்வி: யூத இன அழிப்புக்கு அழைப்பு விடுப்பது விதிமீறலா என்ற கேள்விக்கு "சூழலைப் பொறுத்தது" என்று சொன்ன மூன்று பல்கலைத் தலைவர்களின் பதில் சரியா?

சட்டப்படி சரி. 2023 டிசம்பர் 5 அன்று நாடாளுமன்றக் குழு முன் ஹார்வர்டின் கிளாடின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்.ஐ.டி.யின் சாலி கார்ன்பிளத் ஆகியோர் தந்த பதிலை எந்தச் சட்ட மாணவரும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறலாம். பேச்சு எப்போது துன்புறுத்தலாகிறது என்பது யாரிடம், எத்தனை முறை, எப்படிச் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்ததே. அது எடுபடாமல் போனதற்குக் காரணம் வேறு. வளாகப் பேச்சுரிமைக்காக வாதாடும் ஃபயர் அமைப்பு, அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட தரவரிசையில் ஹார்வர்டை 248 நிறுவனங்களில் கடைசியாக வைத்திருந்தது. வேறு விஷயங்களில் சின்னச் சொற்களுக்கும் முகம் சுளித்தவர்கள் திடீரென்று பேச்சுரிமையின் காவலர்களாக வந்து நின்றால் யார் நம்புவார்? நான்கு நாளில் மகில் விலகினார். ஆய்வுத் திருட்டுக் குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ள, ஜனவரி 2 அன்று கே விலகினார்.

கேள்வி: இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகுமா? அதைத் தீர்மானிக்க ஒரு வரையறை இருப்பதாகப் படித்தேன்.

சர்வதேச யூதப் பேரழிவு நினைவுக் கூட்டமைப்பு 2016-ல் ஏற்ற வரையறையைத்தான் சொல்கிறீர்கள். வரையறை சில வரிகளே. சிக்கல் அதனுடன் இணைந்த 11 எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. அவற்றுள் பல இஸ்ரேல் பற்றியவை. இஸ்ரேல் என்ற அரசின் இருப்பையே இனவாத முயற்சி என்று சொல்வது அவற்றில் ஒன்று. இதன் மூல வாசகத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன், ஐரோப்பாவில் யூத வெறுப்புச் சம்பவங்களை ஒரே அளவுகோலில் கணக்கெடுப்பதற்காகவே அது எழுதப்பட்டது என்றும், வளாகப் பேச்சை அடக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஆனாலும் 2019 டிசம்பரில் அதிபர் டிரம்ப், 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவைச் செயல்படுத்தும்போது அந்த வரையறையையும் கருத்தில் கொள்ளும்படி ஆணையிட்டார். 2025 ஜனவரியில் ஹார்வர்டு ஒரு வழக்குச் சமரசத்தில் அதை ஏற்றது. 2021-ல் வெளிவந்த ஜெருசலேம் பிரகடனம் மாற்று வரையறை ஒன்றைத் தருகிறது. புறக்கணிப்பு தன்னளவில் யூத வெறுப்பு ஆகாது என்பது அதன் நிலை.

ஆறாம் பிரிவு இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றால் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. அதை மீறும் நிறுவனம் கூட்டரசு நிதியை இழக்கும். அது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 கோடையில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் யூத மாணவர்கள் தங்கள் நம்பிக்கையின் பொருட்டு, பாலஸ்தீன ஆதரவாளர்கள் அமைத்திருந்த போராட்ட முகாம் பகுதிக்குள் செல்லத் தடுக்கப்பட்டதை ஒட்டி, கூட்டரசு நீதிபதி ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தடையாணை பிறப்பித்தார். ஒருவரின் வழியை மறிப்பது வேறு, ஒருவருக்குப் பிடிக்காத வரலாற்றைக் கற்பிப்பது வேறு. இரண்டையும் ஒரே எடுத்துக்காட்டுப் பட்டியலால் அளந்தால் முதலாவது தப்பித்துக்கொள்ளும், இரண்டாவது மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: தனி மனிதராகப் பேராசிரியர் பேசட்டும். துறைகளும் சங்கங்களும் தீர்மானம் போடலாமா?

இதில் என் மனம் இரண்டாகவே இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில், 1967-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வன் குழு, பல்கலைக்கழகம் விமர்சகர்களின் இல்லம், தானே விமர்சகர் அன்று என்று எழுதியது. துறையின் முகப்புப் பக்கத்தில் ஒரு நிலைப்பாடு ஏறிவிட்டால், அந்தத் துறையில் பணியுரிமைக்குக் காத்திருக்கும் இளைய ஆசிரியர் மாறிப் பேசுவது கடினம் என்பது உண்மை. ஆனால் 2022-ல் உக்ரைனுக்காக அறிக்கை விட்ட நிர்வாகங்கள் பல, காஸா வந்ததும் நடுநிலையைக் கண்டுபிடித்தன என்பதும் உண்மை.

அறிஞர் சங்கங்களின் கதை இன்னும் குழப்பமானது. கல்விப் புறக்கணிப்பு கல்விச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2005-ல் சொன்ன பேராசிரியர் சங்கம், 2024 ஆகஸ்டில் அது தன்னளவில் எதிரானது அன்று என்று மாற்றிக்கொண்டது. மானிடவியல் சங்கம் 2023-ல் வாக்களித்தவர்களில் 71 விழுக்காட்டினர் ஆதரவோடு புறக்கணிப்பை ஏற்றது. காஸாவின் கல்வி நிறுவனங்கள் அழிக்கப்பட்டதைக் கண்டிக்கும் தீர்மானம் 2025 ஜனவரியில் வரலாற்றாசிரியர் சங்கக் கூட்டத்தில் 428-க்கு 88 என்று நிறைவேற, சங்கத்தின் நிர்வாகக் குழுவே அதை ரத்து செய்தது.

கேள்வி: அங்கே படிக்கவோ ஆய்வு செய்யவோ செல்லும் இந்தியர் வாய் திறக்கலாமா?

2025 மார்ச்சில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வாளர் பதர் கான் சூரி, குற்றச்சாட்டு எதுவும் பதிவாகாமலே முகமூடியணிந்த அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு டெக்சாஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சுமார் இரண்டு மாதங்களுக்குப் பின் நீதிமன்றம் விடுவித்தது. இத்தகைய கைதுகளை எதிர்த்துப் பேராசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், அமெரிக்காவில் சட்டப்படி இருக்கும் அயல்நாட்டவருக்கும் குடிமக்களுக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று 2025 செப்டம்பர் 30 அன்று பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். உரிமை இருக்கிறது, அதை நிலைநாட்டும்வரை தடுப்புக் காவலில் கழியும் நாள்களை யாரும் திருப்பித் தருவதில்லை. இதற்கு மேல் அறிவுரை சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

கேள்வி: எட்வர்ட் சயீத் இன்று கொலம்பியாவில் இருந்திருந்தால்?

பாலஸ்தீன வேர்கள் கொண்ட இலக்கியப் பேராசிரியரான சயீத் கொலம்பியாவில் பல ஆண்டுகள் கற்பித்தவர். 2000 ஜூலையில் லெபனான் எல்லையில் அவர் இஸ்ரேல் பக்கமாகக் கல்லெறிந்த படம் வெளிவந்தபோது, நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கடும் நெருக்குதல் வந்தது. சில மாதங்கள் கழித்து, அப்போதைய கல்வித் தலைவர் ஜோனதன் கோல் எழுதிய கடிதம் நெருக்குதலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது: கல் யாரையும் குறிவைத்து எறியப்படவில்லை, சட்டம் எதுவும் மீறப்படவில்லை, கல்விச் சுதந்திரம் அவரைக் காக்கிறது என்பதே அதன் சாரம். அதே கொலம்பியாவின் தலைவர் மினூஷ் ஷஃபீக் 2024 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்து, தம் பேராசிரியர்களைப் பெயர் சொல்லி விவாதித்தார். மறுநாளே போராட்ட முகாமைக் கலைக்க வளாகத்துக்குள் காவல்துறை வந்தது. 2025 மார்ச்சில் அரசு 40 கோடி டாலர் நிதியை ரத்து செய்ததும், மேற்காசியத் துறையை மேற்பார்வையிட உயர் அதிகாரி ஒருவரை நியமிக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. சயீதின் பெயரில் அங்கே ஒரு பேராசிரியர் பதவி இன்றும் இருக்கிறது.